மூன்றரைச் சுற்று

அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தார். கல்லணைக் கால்வாயில், எங்கள் ஊர்ப் பேச்சில் புதாற்றில், ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு மதகு அவர் பொறுப்பு. ஷட்டரைத் திருகும் இரும்புக் கைப்பிடியை வேலை முடிந்ததும் மதகிலேயே விட்டுவிட்டு வரமாட்டார். சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்து தலைமாட்டில் சாத்திவைத்துவிட்டுத்தான் படுப்பார். விட்டுவிட்டு வந்தால் ராத்திரி யாராவது நாலு சுற்று கூடுதலாகத் திருகிவிட்டுப் போய்விடுவார்கள். காலையில் கீழே இருக்கிற ஊர்க்காரர் வாசலில் வந்து நிற்பார்.

வாசலில் வந்து நிற்பவர்களைப் பற்றி அப்பாவுக்கு ஒரு கணக்கு இருந்தது. தலைமடைக்காரர் என்றால் தெருமுனையிலேயே சத்தம் கேட்கும். கடைமடைக்காரர் சத்தம் போடமாட்டார். பேராவூரணிப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, திண்ணையோரம் நிற்பார். அவர் வந்து நிற்கிறார் என்றால் அங்கே பயிர் பாதி காய்ந்துவிட்டது என்று அர்த்தம். "சத்தம் வர்ற பக்கம் தண்ணி போய்க்கிட்டுதான்டா இருக்கு" என்பார் அப்பா. அது எனக்குப் புரிய நாற்பது வயதுக்கு மேல் ஆயிற்று. புரிந்த இடம் வயல் இல்லை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலைப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மோட்டார் ரூம்.

2012 வரை நான் நெல் கொள்முதல் நிலையத்தில் பருவகாலப் பட்டியல் எழுத்தர். அந்த வருஷம் மேட்டூர் அணை திறக்க வேண்டிய ஜூன் 12 வந்தது, திறக்கவில்லை. எங்கள் பக்கம் குறுவை நடவு இல்லை, ஆகவே எனக்கும் வேலை இல்லை. அதிலிருந்து 2019 வரை எட்டு வருஷமும் அந்தத் தேதி தவறிக்கொண்டே போனது தஞ்சாவூர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். தெரிந்தவர் ஒருவர், "அபார்ட்மென்ட்ல மானேஜர் வேணுமாம், போய்ப் பாருங்க தம்பி" என்றார். நான்கு பிளாக், தரைத்தளமும் மூன்று மாடியும், மொத்தம் 64 வீடு. டாக்டர்கள், பேராசிரியர்கள், நிலத்தைக் கொடுத்துவிட்டு டவுனுக்கு வந்த மிராசுதார்கள், பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் பெரியவர்கள். கையில் ஒரு சாவிக்கொத்தைக் கொடுத்தார்கள். கழுத்தில் அட்டை தொங்கியது.

முதல் வருஷம் நான் செய்ததை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அதிகாரம் என்றால் அறிவிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 'இதனால் அனைவருக்கும் தெரிவிப்பது யாதெனில்' என்று தொடங்கி லிஃப்ட் வாசலில் வாரத்துக்கு ஒன்று ஒட்டினேன். துணி காயப்போடக் கூடாது, சைக்கிள் நிறுத்தக் கூடாது, மாவிலை மிச்சத்தைப் பால்கனியிலிருந்து போடக் கூடாது. ஒட்டிய தாளின் மேலேயே டியூஷன் விளம்பரம் ஒட்டினார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு ரவுண்டு போனபோது, பின்கேட் காவலாளி நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது பெரியவர். எழுப்பாமல் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து, மறுநாள் அரை நாள் சம்பளம் பிடித்தேன். குடியிருப்போர் கமிட்டியில் என்னைப் பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இந்தக் காலத்தில்தான் என்னைத் திருச்சியில் ஒரு ஓட்டலுக்கு ஒருநாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். தலைமைப் பண்பு வளர்ப்பது எப்படி என்று வகுப்பு. செய்தித்தாளைச் சுருட்டிக் கோபுரம் கட்டச் சொன்னார்கள். எங்கள் குழுவின் கோபுரம்தான் உயரம். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது.

உண்மையான வகுப்பு எடுத்தது பிளம்பர் அண்ணன். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். ஒருநாள் மோட்டார் ரூமில் ஒரு வால்வை மூடிவிட்டு, "இப்ப எந்த வீட்டுலேருந்து போன் வரும், சொல்லுங்க சார்" என்றார். எனக்குத் தெரியவில்லை. "ஏ பிளாக், தரைத்தளம், ரெண்டு நிமிஷத்துல" என்றார். சொன்னபடி வந்தது. பிறகு இன்னொன்றை மூடினார். "இது டி பிளாக்கு. இதுக்கு போன் வராது." ஏன் என்று கேட்டேன். "அங்க எப்பவுமே வராதே சார், பழகிப்போச்சு அவங்களுக்கு" என்றார். சுவரில் கரித்துண்டால் குழாய் போகும் வழியை வரைந்து காட்டினார். சம்ப், மோட்டார், அதிலிருந்து ஒரே குழாய். முதலில் ஏ, அப்புறம் பி, சி, கடைசியில் வளைந்து வளைந்து டி. எனக்கு அது புதாற்று வரைபடமாகத் தெரிந்தது. ஆனாலும் அன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை. தெரிந்துகொள்வதற்கும் செய்வதற்கும் நடுவில் எனக்கு மூன்று வருஷம் ஓடிவிட்டது.

2016 வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்துபோனது. டெல்டாவில் குறுவையும் இல்லை, சம்பாவும் கருகியது. 2017 கோடையில் எங்கள் போர்வெல் காற்றைத் துப்பியது. லாரித் தண்ணீர் வாங்கிச் சம்ப்பில் விட்டு ஏற்றினோம். போன் நிற்கவில்லை. ஏ பிளாக்கில் தலைவர், செயலாளர் இருவரும் இருந்தார்கள். அவர்கள் கேட்டதும் ஏ பிளாக் வால்வை முழுசாகத் திறந்துவிட்டேன். சத்தம் அடங்கியது. நிலைமையைச் சமாளித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

டி பிளாக் மூன்றாவது மாடியில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் தனியாக இருந்தார். அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மா ஒருநாள் படிக்கட்டில் என்னைப் பார்த்து, "டீச்சர் ராத்திரி ஒரு மணிக்கு எந்திரிச்சுக் குடம் வெச்சுப் புடிக்கிறாங்க சார். முட்டி வலின்னு சொல்றாங்க" என்றார். புகாராகச் சொல்லவில்லை, பேச்சுவாக்கில் சொன்னது. போய்ப் பார்த்தேன். சமையலறையில் வரிசையாக ஆறு குடம், எவர்சில்வரும் பித்தளையும். மேலே தொட்டியில் அரை அடி தண்ணீர் நின்றால் கீழ்வீட்டுக் குழாய்கள் இழுத்துக்கொள்ளும்; மேல்வீட்டில் காற்றுதான் வரும். எல்லாரும் தூங்கிய பிறகு கொஞ்சம் வரும். "ஏன்மா சொல்லலை?" என்று கேட்டேன். "ஊரே தண்ணியில்லாம கிடக்கு, நான் என்னத்தச் சொல்றது தம்பி" என்றார்.

திண்ணையோரம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற ஆட்கள் நினைவுக்கு வந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் சொன்னேன். "நாங்களும் அதே மெயின்டனன்ஸ்தானே கட்டுறோம்" என்றார் செயலாளர். நியாயமான கேள்வி. நான் பதில் சொல்லவில்லை. முன்பென்றால் ஓர் அறிவிப்பு ஒட்டியிருப்பேன். ஒரு 15 லிட்டர் வாளியை எடுத்துக்கொண்டு, "சார், ஒரு பத்து நிமிஷம் எங்கூட வாங்க" என்றேன். அவர் வீட்டுக் குழாயில் வாளி நிறைய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. டீச்சரம்மா வீட்டில் வாளியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு நான் கடிகாரம் பார்த்தேன். ஒன்பது நிமிஷம். டீச்சரம்மா அதற்குள் அவருக்குக் காபி போட்டுவிட்டார். அந்தத் தண்ணீரில் போட்ட காபி. செயலாளர் குடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் இறங்கினார்.

ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முறை வைப்பார்கள். இத்தனை நாள் இந்த ஆறு, இத்தனை நாள் அந்த ஆறு. முறை வைத்த நாளில் தலைமடை ஷட்டர்களை இறக்கிவிட்டு, தண்ணீர் கடைமடையைத் தொட்ட சேதி வரும்வரை அப்பா மதகைவிட்டு நகரமாட்டார். நானும் அதையே செய்தேன். காலை 5.20-க்கு மோட்டார் போட்டால் முதல் முறை டி பிளாக். ஏ பிளாக் கடைசி. வால்வு ஒவ்வொன்றும் எத்தனை சுற்று என்று பிளம்பர் அண்ணனும் நானும் நாலு நாள் வாளியும் கடிகாரமுமாக அலைந்து கண்டுபிடித்தோம். டி பிளாக்குக்கு மூன்றரைச் சுற்று. ஏ பிளாக்குக்கு ஒன்று போதும். போன் வரத்தான் செய்தது, ஏ பிளாக்கிலிருந்து. அப்பா கணக்கு சரியாகவே இருந்தது: அங்கே தண்ணீரும் வந்துகொண்டுதான் இருந்தது.

அந்த வருஷம் மேட்டூரை அக்டோபரில்தான் திறந்தார்கள்.

தண்ணீர் விவகாரத்தில் கமிட்டி என் பக்கம் வந்தது. கழிவுநீர் விவகாரத்தில் வரவில்லை. தொட்டி அடைத்துக்கொண்டது. உறிஞ்சும் லாரி வந்தது, குழாயை விட்டுப் பார்த்தார்கள், அடியில் இறுகிப்போன சேறு வரவில்லை. லாரியோடு வந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். "நான் இறங்கி ஒரு கம்பி போட்டா வந்துரும் சார்" என்று சட்டையைக் கழற்றினான். மேலே நின்ற மூன்று பேர் சரி என்றார்கள். நான் மூடிமேல் ஏறி நின்றுகொண்டேன். பெரிய வீரம் ஒன்றும் இல்லை, பயம்தான். 2013-ஆம் வருஷச் சட்டப்படி ஆளை இறக்கக் கூடாது, இறக்கினால் வழக்கு. செத்தால் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. 2023-இல் அதை முப்பது லட்சமாக்கியது. இதெல்லாம் பேப்பரில் படித்தவை. ஆனால் விஷவாயு சட்டம் படித்துவிட்டு வருவதில்லை. இறங்குகிற ஆளுக்கு மூச்சு ஒருமுறை தப்பினால் அவரைத் தூக்க இறங்குகிற ஆளும் போவார். இரண்டு நாள் கழித்து வேறு வண்டி வரவழைத்து, அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கலக்கி எடுத்தோம். அந்த இரண்டு நாள் நாற்றமும், கூடுதல் செலவும் என் தலையில் விழுந்தன. அடுத்த சம்பள உயர்வில் என் பெயர் இல்லை. அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு, மறைப்பானேன்.

சொல்ல வந்தது கஜா புயலைப் பற்றி.

2018 நவம்பர் 16, விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. தஞ்சாவூர் டவுனுக்குக் கிடைத்தது அதன் ஓரம்தான். அதற்கே எங்கள் வாசலில் நின்ற வாகை மரம் கேட்டின்மேல் விழுந்தது, கரண்ட் போனது. நான் முதல்நாள் ராத்திரியே வந்து தங்கியிருந்தேன். ஜெனரேட்டரில் டீசல் கொஞ்சம்தான். கூடத்தில் ஏழெட்டுப் பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு, எதற்கு முதலில் என்று கேட்டேன். சி பிளாக்கில் ஆக்சிஜன் மெஷின் வைத்திருந்த பெரியவருக்கு முதலில். அடுத்தது தண்ணீர் மோட்டார். லிஃப்ட் காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி. மருத்துவக் கல்லூரியில் படிக்கிற பையன்கள் நாலு பேர் வாடகைக்கு இருந்தார்கள். பேச்சிலர்களுக்கு வீடு விடக் கூடாது என்று ஒரு காலத்தில் நான்தான் அறிவிப்பு ஒட்டினேன். அவர்கள்தான் பால், மருந்து, தண்ணீர்க் கேன் எல்லாம் படிக்கட்டில் தூக்கினார்கள். 64 வீட்டையும் காலை மாலை இருவேளை தட்டிப் பார்த்தோம். பதிவேட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் நேராக டிக் அடித்தேன். மூன்றாம் நாள் கரண்ட் வந்தபோது கைதட்டினார்கள். தலைவர் எனக்குத் துண்டு போர்த்தினார்.

துண்டோடு வெளியே வந்தேன். பின்கேட்டில் அந்தப் பட்டுக்கோட்டைக்காரர் நின்றுகொண்டிருந்தார். மாற்று ஆள் வராததால் மூன்று நாளாக அவர்தான் அங்கே. "ஊர்லேர்ந்து சேதி உண்டாண்ணே?" என்று கேட்டேன். மூன்று நாளில் அப்போதுதான் கேட்டேன். "போன் போவலை சார். நேத்து லாரிக்காரர் ஒருத்தர் சொன்னாரு. தோப்பு முச்சூடும் படுத்துருச்சாம். வூட்டு ஓடு போயிருச்சாம்" என்றார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆறு வருஷமாக என்னோடு வேலை பார்க்கிறவர். ராத்திரி தூங்கியதற்குச் சம்பளம் பிடித்தேனே, பகலில் தோப்புக்கு வாளியில் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் பஸ் ஏறி வருவார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. தென்னை வைத்துக் காய் பார்க்க ஐந்தாறு வருஷமாவது ஆகும். அவருக்கு வயது அறுபது.

ஆபீசுக்குள் போய்ப் பதிவேட்டைப் பிரித்தேன். 64 வீடு, கார் நம்பர், வெளிநாட்டுப் பிள்ளைகளின் போன் நம்பர், நாய் இருந்தால் அதற்கு ஊசி போட்ட தேதி. வேலை பார்க்கிற பதினொரு பேரின் ஊர் அதில் இல்லை. சம்பளப் புத்தகத்தில் 'செக்யூரிட்டி 2', 'ஹவுஸ்கீப்பிங் 4' என்று எண்தான் இருந்தது. கடைமடை டி பிளாக் மூன்றாவது மாடியோடு முடிந்துவிட்டதாக நான் நினைத்திருந்தேன்.

பி பிளாக்கில் கல்வெட்டு படித்த பேராசிரியர் ஒருவர் இருந்தார், தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர். இதை அவரிடம் சொன்னபோது என்னைப் பெரிய கோயிலுக்குக் கூட்டிப்போனார். பிறந்ததிலிருந்து பார்க்கிற கோயில். சுவரில் எழுத்து இருக்கும், அதில் என்ன இருக்கிறது என்று யார் கேட்டார்கள்? ராஜராஜன் காலத்தில் கோயிலைச் சுற்றிக் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்கள், அதாவது கோயிலில் ஆடிய பெண்கள், 400 பேரின் பெயர் அங்கே வெட்டியிருக்கிறது. பெயர் மட்டும் இல்லை. எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (வரிசை), தலைவீடா, இரண்டாம் வீடா, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்பதுவரை. ஆளுக்கு வருஷத்துக்கு ஒரு பங்கு, நூறு கலம் நெல். அவர்களோடு குடை பிடிப்பவர், விளக்கேற்றுபவர், நீர் தெளிப்பவர், குயவர், துணி வெளுக்கும் ஈரங்கொல்லி, நாவிதர், தையான், கன்னான், தச்சன் எல்லாரும் பட்டியலில் வருகிறார்கள். ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அந்த இடத்துக்கு யார் வர வேண்டும் என்பதும் உண்டு. "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒரு மானேஜர் எழுதின ரெஜிஸ்டர் இது" என்றார் பேராசிரியர். அந்தப் பெண்களைக் கேட்டுக்கொண்டா கொண்டுவந்தார்கள் என்று நான் கேட்டேன். "அது கல்வெட்டில் இல்லை" என்றார். அந்தக் கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது. என்றாலும் நாவிதரின் பெயரைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள்; நான் பேனாவால்கூட எழுதவில்லை.

பதிவேட்டை மாற்றி எழுதினேன். முதல் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள்: பெயர், ஊர், வீட்டில் யார் யார், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது. அடுத்த பக்கத்திலிருந்து 64 வீடு. பட்டுக்கோட்டைக்காரருக்குப் பத்து நாள் சம்பளத்தோடு விடுப்பும், குடியிருப்பில் வசூல் பண்ணி ஓட்டுக்குப் பணமும் கொடுத்தனுப்பினோம். அன்றைக்குப் பிடித்த அரை நாள் சம்பளத்தையும் என் பையிலிருந்து வைத்துக் கொடுத்தேன். அவருக்கு அது நினைவில்லை. அல்லது நினைவில்லாத மாதிரி வாங்கிக்கொண்டார்.

கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த வேலையில் மானம் போவதற்கு இருக்கிற ஒரே நேர்வழி அதுதான். மாசம் 7,500 ரூபாய்க்குள் மெயின்டனன்ஸ் இருந்தால் ஜி.எஸ்.டி. கிடையாது, 1994-ஆம் வருஷ அடுக்குமாடிச் சட்டத்துக்குப் பதிலாக 2022-இல் புதுச் சட்டம் வந்திருக்கிறது, இதெல்லாம் ஆடிட்டர் சொல்லிக்கொடுப்பார். ஒவ்வொரு பில்லின் நகலையும் லிஃப்ட் வாசலில் ஒட்ட வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தரவில்லை, நானாகத்தான் கண்டுபிடித்தேன். அறிவிப்பு ஒட்டிய அதே இடம். இதன்மேல் யாரும் டியூஷன் விளம்பரம் ஒட்டவில்லை, நின்று படித்தார்கள். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுப்படி, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டும் இல்லை, அவருடைய சொந்தக்காரர்களும் அடுத்த குடவோலைத் தேர்தலில் நிற்க முடியாது. இந்த விதியை எங்கள் பொதுக்குழுவில் கொண்டுவந்தால் கோரமே சேராது என்று பேராசிரியர் சொல்லிச் சிரிப்பார்.

போன வருஷம் முட்டி எனக்கும் வலிக்க ஆரம்பித்தது. என் இடத்துக்கு ஒருத்தி தயாராக இருந்தாள், ஹவுஸ்கீப்பிங்குக்கு வந்த பூதலூர்ப் பக்கத்துப் பெண். பிளஸ் டூ படித்தவள், இரண்டு பிள்ளைகள். கஜா சமயத்தில் வீடு வீடாகத் தட்டியதில் அவளும் ஒருத்தி. ஐந்து வருஷமாகவே கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் அவள் கையில் விட்டுவந்தேன். முதலில் பால்காரர் கணக்கு, அப்புறம் லிஃப்ட் ஏ.எம்.சி., அப்புறம் கமிட்டிக் கூட்டம். முதல் கூட்டத்தில் ஒருவர் அவளை 'ஏம்மா' என்று கூப்பிட்டார். அவள் எழுந்து, "சொல்லுங்க சார், மினிட்ஸ்ல எழுதிக்கிறேன்" என்றாள். அதற்கப்புறம் அவர் 'மேடம்' என்றார். நான் வாய் திறக்கவில்லை. திறக்காமல் இருந்ததுதான் எனக்குக் கஷ்டம். அவள் ஒரு டெண்டரைத் தப்பாக முடித்து எட்டாயிரம் ரூபாய் நஷ்டமான அன்றும் நான் குறுக்கே போகவில்லை. கமிட்டி என்னைத்தான் திட்டியது.

சித்திரை முதல் தேதி சாவிக்கொத்தைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு மோட்டார் ரூமுக்கு நடந்தாள். சுவரில் பிளம்பர் அண்ணன் கரியால் வரைந்த படம் பாதி அழிந்திருந்தது. அவர் இப்போது இல்லை.

"டி பிளாக் எத்தனை சுற்று சார்?"

"மூன்றரை. ஆனா நான் சொன்னேன்னு வெச்சுக்காதே. வாளியை எடுத்துக்கிட்டு மேல போய் நீயே பாத்துரு."

அவள் பார்த்துவிட்டு வந்து நாலு என்று எழுதினாள்.